சட்டத்துக்குள் இருக்கும் 1895 பிரெஞ்சுக் கல்லச்சு அசலா? எப்படிப் பார்ப்பது?

நீங்கள் கேட்டது இது: பழைய சாமான் கடையில் சட்டம் போட்ட ஒரு படம் வாங்கியிருக்கிறீர்கள். செம்பட்டை முடியில் பெரிய பூக்கள் வைத்த ஒரு பெண், மார்பளவு, குனிந்தபடி, தனியாக. கீழே ஜெர்மன் மொழியில் பொடி எழுத்தில் ஒரு வரி; அதில் 'பான்' என்றும் 'லித்தோகிராஃபி' என்றும் வருகிறது. கடைக்காரர், "துலூஸ்-லோத்ரெக் வரைந்த அசல், 1895" என்று சொல்லி விற்றார். அசல் என்றால் பென்சில் கையெழுத்து ஏன் இல்லை, பிரெஞ்சுப் படத்துக்கு ஜெர்மன் எழுத்து ஏன் என்பது உங்கள் சந்தேகம். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அச்சில் வந்த படத்தை எப்போது அசல் என்று சொல்லலாம் என்பது ஒன்று. உங்களிடம் இருக்கும் தாள் 1895-ல் அச்சானதா, பிற்பாடு போட்டோ எடுத்து அச்சடித்ததா என்பது மற்றது. முதல் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத் தாளை லென்ஸ் வைத்து நீங்கள்தான் பார்க்க வேண்டும். எங்கே, எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில் படம் யாருடையது என்பதை முடித்துவிடுவோம். நீங்கள் விவரித்தது 'மத்மசெல் மார்செல் லாந்தேர், மார்பளவு' என்ற படம். இதில் குழப்பமே இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி தெ துலூஸ்-லோத்ரெக் 1895-ல் எட்டு நிறங்களில் செய்த கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து எடுக்கும் லித்தோகிராஃப். லாந்தேர் பாரிஸின் வரியேத்தே அரங்கில் நடித்த பாடகி, நடிகை. அந்த ஆண்டு அங்கே எர்வே என்ற இசையமைப்பாளரின் பழைய ஒப்பரெட்டாவான (இலகுவான இசை நாடகம்) 'ஷில்பெரிக்' மறுபடி மேடையேறியது. அதில் கால்ஸ்வின்த் என்ற இளவரசி வேடம் அவருக்கு. படத்தில் இருப்பது அந்த வேடத்தில் அவர் குனிந்து வணங்கும் கணம். அதே ஆண்டு பெர்லினில் தொடங்கிய 'பான்' என்ற கலை இதழ் முதல் தொகுதியின் மூன்றாவது இதழில் இதைச் சேர்த்து வெளியிட்டது. ஜெர்மன் எழுத்து வந்த வழி அதுதான். இதழை நடத்தியவர்களில் ஒருவரான யூலியஸ் மையர்-கிரேஃபே இந்தப் படத்தைக் கொண்டுவந்ததற்கு எதிர்ப்பு கிளம்பி, அவர் பொறுப்பையே இழந்தார். ஆக, இதழுக்காக அச்சான பிரதியில் ஜெர்மன் வரி இருப்பது குறை அல்ல. அது அங்கே இருக்க வேண்டியதுதான். எழுத்து சேர்ப்பதற்கு முன் எடுத்த பிரதிகளும் உண்டு. அவை குறைவு, மதிப்பும் அதிகம். இதழ்ப் பிரதிகள் ஆயிரத்துக்கும் மேல். அதனால்தான் இந்தப் படம் இன்றும் பழைய கடைகளில் உண்மையாகவே அகப்படுகிறது. கடைக்காரர் சொன்னதை எடுத்த எடுப்பிலேயே பொய் என்று தள்ளிவிட முடியாது.

அந்த நாடகத்தை லோத்ரெக் இருபது தடவை போய்ப் பார்த்தார் என்ற கதையை எல்லா இடத்திலும் படிப்பீர்கள். நண்பர்கள் பிற்காலத்தில் சொன்னது அது. திரும்பத் திரும்பப் போனார் என்ற அளவில் நம்பலாம், எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். அவர் விட்டுச்சென்ற படங்களே போதுமான சாட்சி. லாந்தேரை வைத்துப் பல கல்லச்சுகள் செய்தார். அதே நாடகத்தில் லாந்தேர் பொலேரோ என்ற ஸ்பானிய நடனம் ஆடும் காட்சியை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் சதுரத்தில் ஓவியமாகவும் தீட்டினார். அது இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்த ஓவியத்தில் மேடை முழுக்க ஆட்கள். கல்லச்சில் ஒருவரும் இல்லை. நாடக அரங்கின் அத்தனை கூட்டத்தையும் ஒதுக்கிவிட்டு, மேடை வெளிச்சம் விழுந்த ஒரு முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். உங்கள் படத்தில் நீங்கள் பார்க்கும் தனிமை அப்படித் தேர்ந்து செய்தது.

இனி 'அசல்' என்ற சொல். அச்சுப்படத்தில் அசல் என்றால் ஒரே ஒரு பிரதி என்று பொருளில்லை. ஓவியர் அச்சுக்காகவே, அந்த அச்சு முறையிலேயே யோசித்து உருவாக்கிய படம், அவர் உயிரோடு இருந்தபோது, அவர் ஒப்புதலோடு அச்சானது என்று பொருள். ஆயிரம் பிரதி இருந்தாலும் ஆயிரமும் அசல்தான். வேறொருவர் தீட்டிய எண்ணெய் ஓவியத்தைப் பார்த்துக் கைவினைஞர்கள் கல்லில் படியெடுத்து அச்சடித்தால் அதுவும் மெய்யான கல்லச்சுதான், ஆனால் நகல் வகை. நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ரவிவர்மா அச்சகப் படங்கள். 1894-ல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகத்தில் ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்கள் ஓவியங்களை நிறம் நிறமாகப் பிரித்துக் கல்லில் ஏற்றினார்கள். மூன்றாவது வகை, போட்டோ எடுத்து ஆஃப்செட்டில் அடிப்பது. ஏமாற்றம் நடப்பது பெரும்பாலும் இங்கேதான். தொழில்நுட்பப்படி ஆஃப்செட்டும் லித்தோகிராஃபிதான். சிவகாசியில் ஓடும் இயந்திரத்தையும் லித்தோ என்றுதான் சொல்கிறோம். ஆக, நேற்று அடித்த சுவரொட்டியைக் காட்டி 'லித்தோகிராஃப்' என்று விற்பவர் பொய் சொல்லவில்லை, முழு உண்மையையும் சொல்லவில்லை.

லென்ஸில் பார்ப்பது புரிய வேண்டுமென்றால் கல்லில் என்ன நடந்தது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1790களின் கடைசியில் மியூனிக்கில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டுபிடித்த முறை இது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல் இதற்கு மிக ஏற்றது. 40 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளம், 8 செ.மீ. கனம் உள்ள ஒரு கல்லே 40 கிலோவுக்குக் கிட்ட வரும். மணலும் தண்ணீரும் போட்டு முகத்தைத் தேய்த்துப் பொடிச் சொரசொரப்பு வரவழைப்பார்கள். அதன்மேல் மெழுகு, சோப்பு, கொழுப்பு, விளக்குக்கரி கலந்த கட்டியாலோ, அதையே கரைத்த மையில் தூரிகையைத் தோய்த்தோ வரைவார்கள். பிறகு கருவேலம் பிசினில் சில துளி நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். அமிலம் கல்லைக் குடைவதற்கு அல்ல. கொழுப்பு பட்ட இடம் கொழுப்பை மட்டும் ஏற்கவும், படாத இடம் தண்ணீரை மட்டும் ஏற்கவும் கல்லைப் பழக்குவதற்கு. அமிலம் கூடிப்போனால் மென்மையான நிழல்கள் தின்னப்பட்டு வெளுக்கும். குறைந்துபோனால் வெற்றிடத்திலும் மை ஒட்டி, சில நூறு பிரதிகளுக்குள் படம் கறுத்துத் திட்டாகும். பதப்பட்ட கல்லை ஈரப்பஞ்சால் துடைத்து, மை உருளை ஓட்டி, தாள் வைத்து, தோல் சுற்றிய கட்டையின் அழுத்தத்தில் இழுத்தால் ஒரு பிரதி.

எட்டு நிறம் என்றால் எட்டுக் கல் பரப்பு, ஒவ்வொரு தாளுக்கும் எட்டு இழுப்பு. ஆயிரம் பிரதிக்கு எண்ணாயிரம். ஒவ்வொரு கல்லிலும் அந்த நிறத்துக்கு உரிய பகுதி மட்டும் இருக்கும். முதலில் படத்தின் கோடுகளுக்கான கல்லை வரைந்து, அதன் தடத்தை மற்றக் கற்களுக்குச் செங்காவிப் பொடியால் மாற்றி, அந்தத் தடத்தைப் பார்த்துப் பார்த்து மற்ற நிறங்களை வரைவார்கள். செங்காவியில் கொழுப்பு இல்லை, அதனால் அந்தத் தடம் அச்சில் வராது. ஒரு நிறம் காய்ந்தபின் அடுத்தது. இடையில் தாள் ஈரம் குடித்து நீண்டாலோ காய்ந்து சுருங்கினாலோ ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது, தப்பும். அரை மில்லிமீட்டர் தப்பினாலே உதட்டுச் சிவப்புக்கும் கோட்டுக்கும் நடுவே வெள்ளை எட்டிப்பார்க்கும். எட்டு இழுப்பையும் நெருடல் இல்லாமல் சேர்த்த அச்சுத் தொழிலாளிகளின் கைக்கும் இந்தப் படத்தில் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

லோத்ரெக்கின் தனி முத்திரை தெளிப்பு. பல்துலக்கும் தூரிகையைக் கொழுப்பு மையில் தோய்த்து, கத்தியால் மயிரைச் சுரண்டினால் பொடித் துளிகள் கல்லில் மழையாக விழும். துளி விழக்கூடாத இடத்தில் முன்னாடியே பிசின் பூசி மூடிவிடலாம். தூரிகை கிட்டே இருந்தால் துளி பெரிசு, எட்ட இருந்தால் பொடிசு. பட்டை பட்டையாக நிறத்தை அப்பாமல் காற்றோட்டமான சாயல் வரவழைக்க அவர் இதைத்தான் நம்பினார். உங்கள் படத்தை அசலா என்று தீர்மானிக்கும்போது பெரிதும் கைகொடுப்பதும் இந்தத் துளிகள்தான்.

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, சன்னல் பக்கம் வைத்து, கன்னத்தில் வெளுத்த சாயல் உள்ள ஓர் இடத்தைப் பாருங்கள். புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றனவா? நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் சேர்ந்து குட்டிக் குட்டிப் பூ வட்டங்களாகத் தெரிகின்றனவா? அப்படியானால் அது ஆஃப்செட் படி. மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. வரிசை இல்லாமல் தாறுமாறாக இருந்தால் மட்டும் மகிழ்ந்துவிடாதீர்கள். இன்றைய இங்க்ஜெட் அச்சும் தாறுமாறாகத்தான் துளி தூவும். இரண்டையும் பிரிக்க நிறத்தைப் பாருங்கள். கல்லச்சில் ரோஜா நிறம் என்றால் ரோஜா நிறமாகவே குழைத்த மை. லென்ஸுக்கு அடியிலும் அது ரோஜாதான். இங்க்ஜெட்டில் ரோஜாச் சாயலைத் தேடினால் நீலத்துளி, சிவப்புத்துளி, மஞ்சள்துளி எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் கலந்து கிடக்கும். அசலில் ஒரு தெளிப்புத்துளி அடுத்த துளியைவிடப் பத்து மடங்கு பெரிதாகக்கூட இருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும், ஒவ்வொரு துளியும் அதன் கல்லின் நிறத்தில் மட்டுமே இருக்கும். கட்டியால் இழுத்த கோட்டில் கல்லின் சொரசொரப்பு முனைகளில் மட்டும் மை பிடித்து, நடுவே தாளின் நிறம் உடைந்து உடைந்து தெரியும். புள்ளியே இல்லாமல் புழு நெளிந்ததுபோல் நுண்ணிய சுருக்கங்கள் தெரிந்தால் அது கொலோடைப் என்ற, கண்ணாடித் தகட்டிலிருந்து எடுக்கும் பழைய நகல் முறை. நல்ல தாளில் கவனமாகச் செய்த கொலோடைப் நகல்களில் அனுபவம் உள்ளவர்களே ஒரு கணம் தடுமாறுவார்கள்.

இரண்டு நிறம் ஒன்றன்மேல் ஒன்று விழும் எல்லைகளையும் பாருங்கள். கூந்தலின் ஓரம், பூவின் ஓரம் இரண்டும் இதற்கு வசதியான இடம். தனித்தனி இழுப்பாக வந்திருந்தால் மேல் மை கீழ் மையைக் கொஞ்சம் தாண்டியோ எட்டாமலோ நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு மூன்று மை சேர்ந்த இடம் லேசாக மினுங்கும். படத்தைச் சுற்றித் தாளில் அமுங்கிய செவ்வகத் தடம் இருந்தால் அது பெரும்பாலும் கல்லச்சு அல்ல. அந்தத் தடம் பொதுவாகச் செப்புத்தகட்டு அச்சுக்கு உரியது. கீழே இருக்கும் ஜெர்மன் வரியையும் விடாமல் பாருங்கள். எழுத்து கோத்து அடித்ததாக இருந்தால் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பிலும் மை பிதுங்கிக் கொஞ்சம் கறுப்பாகக் கரை கட்டியிருக்கும், தாளின் பின்பக்கம் விரலில் லேசாகத் தட்டுப்படும். அந்த எழுத்துகளே புள்ளி புள்ளியாக உடைந்து தெரிந்தால் பக்கம் முழுவதையும் போட்டோ எடுத்து அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது அளவும் தாளும். அசலில் படத்தின் பரப்பு சுமார் 33 செ.மீ. உயரம், 24 செ.மீ. அகலம். ஈரத்தில் தாள் ஓரிரு மில்லிமீட்டர் மாறலாம். இரண்டு மூன்று செ.மீ. வித்தியாசம் வந்தால் அது வேறு அச்சு. இதழிலிருந்து பிரித்த தாள் என்பதால் ஒரு பக்க விளிம்பில் பசைத் தடமோ தையல் துளையோ இருக்கலாம். அதை வெட்டி எடுத்துவிட்டும் இருக்கலாம். அப்புறம் ஒரு சுலபமான சோதனை: ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் தாளின் பின்பக்கம் காட்டுங்கள். பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் தாளில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது. தாள் ஆலைகளில் அது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான், அதனால் 1895 என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. ஒளிராவிட்டால் தாள் பழையதாக இருக்கலாம் என்பதற்கு மேல் எதுவும் தெரியவராது. வெளுப்பூட்டி சேர்க்காத தாள் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது.

கையெழுத்து விஷயத்தில் உங்கள் கவலை தலைகீழாக இருக்கிறது. லோத்ரெக் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிய வட்டக் குறியைக் கல்லிலேயே வரைந்து படத்தோடு சேர்த்து அச்சாக விடுவது வழக்கம். ஆயிரத்துக்கு மேல் அச்சான இதழ்ப் பிரதிகளில் ஒவ்வொன்றாகப் பென்சில் பிடித்துக் கையெழுத்துப் போடவில்லை. பென்சில் கையெழுத்து இருந்தால்தான் இந்தப் படத்தில் நான் சந்தேகப்படுவேன், யாரோ விலை ஏற்றப் பிற்பாடு போட்டது என்று. சட்டத்தின் பின்னால் ஒட்டிய சீட்டில் 'தெல்தெய் 102' என்றோ 'விட்ராக் 99' என்றோ எழுதியிருந்தால், அவை லோத்ரெக் அச்சுப்படப் பட்டியல்களில் இந்தப் படத்தின் எண்கள். சீட்டு எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தாள் அசல் என்பதற்கு அது சான்று ஆகாது.

இவ்வளவும் பார்த்தபின் எது உறுதி, எது உறுதியில்லை? வரிசைப் புள்ளி, ஒளிரும் தாள், பொருந்தாத அளவு: இவற்றில் ஒன்று வந்தாலும் இல்லை என்று திட்டமாகச் சொல்லலாம். ஆம் என்று சொல்வது கடினம். கைதேர்ந்தவர்கள் பழைய படத்தை மறுபடி கல்லிலோ தகட்டிலோ வரைந்து அச்சடித்த நகல்கள் பொதுவாக உண்டு. அவற்றில் துளி மெய்யான துளி, மை மெய்யான மை. அங்கே ஒரே வழி ஒப்பீடு. தெளிப்புத்துளிகள் தற்செயலாக விழுந்தவை. கையால் அதே இடங்களில் அப்படியே திரும்ப விழவைக்க முடியாது. இந்தப் படத்தின் பிரதிகள் பல பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, அவற்றின் இணையதளங்களில் பெரிதாக்கிப் பார்க்கும்படி படங்கள் போட்டிருக்கிறார்கள். நெற்றிக்குப் பக்கத்தில் எளிதில் அடையாளம் தெரிகிற ஏழெட்டுத் துளிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கொன்று உள்ள தூரம், பெரிசு சிறிசு எல்லாம் உங்கள் தாளில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிறத்தில் மட்டும் பார்த்து நிறுத்தாமல், மூன்று நிறங்களிலாவது பாருங்கள். துளிகள் பொருந்தி, லென்ஸில் வரிசைப் புள்ளியும் கொலோடைப் சுருக்கமும் இல்லாமல், தாளும் ஒளிராமல் இருந்தால் அசல் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைத்துவிட்டது. செல்போனில் எடுத்த படத்தை வைத்து நானோ வேறு யாரோ சான்றிதழ் கொடுக்க முடியாது. அப்படிக் கொடுப்பவரை நம்பாதீர்கள். பணம் கைமாறப்போகிறது என்றால் அச்சுப்படம் கையாளும் நிபுணர் தாளைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

அதுவரை தாளைக் காப்பாற்றுங்கள். பழைய சட்டங்களில் படத்துக்குப் பின்னால் வைக்கும் மட்ட அட்டையில் அமிலம் இருக்கும். படத்தைச் சுற்றி வைக்கும் நடுவில் வெட்டிய அட்டையான மவுண்டின் ஓரத்தில் பழுப்புக் கோடு விழுந்திருந்தால் காரணம் அதுதான். அந்த அட்டையைத் தூக்கிவிட்டு அமிலமற்ற பருத்தி அட்டை வையுங்கள். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. மவுண்ட் கொடுக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி போதும். தொட்டால் ஈரக்காலத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். செல்லோடேப் வேண்டாம்; மேல் விளிம்பில் இரண்டே இடத்தில் மெல்லிய ஜப்பான் தாள் துண்டைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். அந்தக் காலத்துச் சாயச் சிவப்புகள் வெயிலில் வெளுக்கும், முதலில் போவது பூவின் நிறமாக இருக்கலாம். ஆகவே வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சமே வைக்கின்றன. காற்றில் ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பழுப்புப் புள்ளியும் பூஞ்சையும் வரும். புள்ளி வந்துவிட்டால் வீட்டில் பிளீச்சிங் வைத்துத் துடைக்க வேண்டாம், கறையோடு சேர்ந்து மையும் தாளும் போகும். சட்டம் போடும் கடையில் "அட்டையில ஒட்டி லேமினேட் பண்ணித் தரட்டுமா" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்கள் வேலை செய்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.